‘ரன்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? பொருள் பிரித்தறியவும் மாற்றுச்சொல் தேரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் கற்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று படித்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் ‘ஹி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்ற வரி எதிரே வருகிறது. அடுத்து ‘தி காண்ட்ராக்ட் ரன்ஸ் ஃபார் டூ இயர்ஸ்’. பிறகு ‘தி கலர்ஸ் ரேன்’. பள்ளியை யாரும் ஓடுவதில்லை, ஒப்பந்தத்துக்குக் கால் இல்லை, நிறம் எங்கே ஓடும்?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு இருந்தது. சுமார் 430 பொருள்கள். மூன்றாம் பதிப்புக்காகப் பதிவுகளைத் திருத்தியபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் பிரிவுகள். இத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட அப்படிச் செய்வதில்லை. பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்த்தே அவர்கள் பொருளைப் பிடிக்கிறார்கள். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ‘ரன்’னில் பழகினால் ‘டேக்’, ‘செட்’, ‘பிரேக்’ எல்லாவற்றுக்கும் அதே வழி உதவும்.

படி 1: நடுப்பொருளைப் பிடியுங்கள்

பல பொருள் கொண்ட சொல்லின் நடுவே பெரும்பாலும் ஒரு கருத்து இருக்கும். ‘ரன்’னின் நடுவில் இருப்பது ‘தடையில்லாமல் தொடர்ந்து செல்வது’. கால்களால் விரைந்து செல்வது அதன் ஒரு வடிவம், அவ்வளவுதான்.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு ஓடுதல், நீர் பாய்தல் என்ற இரண்டு பொருளும் இருந்தன. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிவது, ‘ரென்னன்’ என்றால் ஓடுவது. ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்கள். ஆகவே ஆங்கிலத்தில் ஆறும் மூக்கும் ‘ரன்’ ஆவது பிற்காலத்தில் ஒட்டவைத்த பொருள் அல்ல.

தமிழருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. நம் ‘ஓடு’வும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் போகிறது. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் ஐம்பது நாள் ஓடுகிறது, மனத்தில் ஏதோ ஓடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ பொருந்தும்.

பிரியும் இடம் ஒன்று உண்டு. தமிழில் தானாக நடந்தால் ‘ஓடு’, பிறரால் நடந்தால் ‘ஓட்டு’. வண்டி ஓடுகிறது, அவர் வண்டியை ஓட்டுகிறார். தன்வினைக்கும் பிறவினைக்கும் தனித்தனி வடிவம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘ரன்’ ஆயின. அதனால்தான் ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது, ‘ஷி ரன்ஸ் தி மெஷின்’ என்றால் அவள் அதை ஓட்டுகிறாள். குழப்பத்தில் பாதி இந்த ஒரு கலப்பிலிருந்து வருவது. ‘ரன்’னைப் பார்த்தவுடன் ‘இது ஓடுவா, ஓட்டுவா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் செயப்படுபொருள் இருந்தால் ஓட்டு, இல்லையென்றால் ஓடு. பள்ளியை ‘ரன்’ செய்பவர் அதை நடத்துகிறார் என்பது அப்போதே தெளிந்துவிடும்.

படி 2: வினை, இனம், சார்பு

பல பொருள் கொண்ட ஒரு சொல்லை எப்படிப் பொருள் பிரிப்பது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு விதியே வைத்திருக்கிறது. ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’ பொருள் தெளிவாகும் என்கிறது சொல்லதிகாரம். உரைகாரர்கள் இதற்கு எடுத்துக்கொள்ளும் சொல் ‘மா’. ‘மா பூத்தது’ என்றால் மரம். பூத்தது என்ற வினை காட்டிக்கொடுக்கிறது. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால் கூட நிற்கும் மருது காட்டிக்கொடுக்கிறது, அது இனம். கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டுவா’ என்றால் அவன் கேட்பது குதிரை; அது சார்பு. 1957இல் ஜே. ஆர். ஃபிர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர், ஒரு சொல்லை அது வைத்திருக்கும் சேர்க்கையால் அறியலாம் என்று எழுதினார். மொழியியலில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கருத்து அது. நம் இலக்கணத்தில் அது வெகு காலமாகவே இருக்கிறது.

‘மா’ பெயர்ச்சொல், ஆகவே வினை அதைத் தெளிவாக்கியது. ‘ரன்’ வினைச்சொல், ஆகவே திருப்பிப்போட வேண்டும்: பெயர்கள்தாம் அதைத் தெளிவாக்கும். முதலில் எழுவாயைப் பாருங்கள்.

மனிதரோ விலங்கோ என்றால் ஓட்டம். இயந்திரம், கணினி நிரல், பேருந்து என்றால் இயக்கம். நீர், கண்ணீர், மூக்கு, சாயம் என்றால் ஒழுகல், வழிதல். ‘தி கலர்ஸ் ரேன்’ என்றால் துவைத்ததில் சாயம் போய்ப் பரவிவிட்டது. சாலை, வேலி, குழாய், மலைத்தொடர், தழும்பு என்றால் நீண்டு செல்லுதல். இங்கே எதுவும் அசைவதில்லை, பார்ப்பவரின் கண்தான் அதன்மேல் ஓடுகிறது. நாடகம், ஒப்பந்தம், கூட்டம் என்றால் குறிப்பிட்ட காலம் நீடித்தல். இந்த ஐந்து கூட்டத்தை மனத்தில் வைத்தாலே அன்றாடம் படிப்பவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

படி 3: செயப்படுபொருள் இருந்தால் அதுவே திறவுகோல்

‘ஓட்டு’ பக்கம் வந்துவிட்டால் எழுவாய் பெரும்பாலும் மனிதர்தான். அதனால் எழுவாயைப் பார்த்துப் பயனில்லை. எதை ‘ரன்’ செய்கிறார் என்று பாருங்கள்.

நிறுவனம், கடை, வகுப்பு, விடுதி என்றால் நடத்துதல். சோதனை, நிரல் என்றால் செய்துபார்த்தல், இயக்குதல். பத்திரிகை ஒரு ‘ஸ்டோரி’யை ரன் செய்தால் அந்தச் செய்தியை வெளியிடுகிறது. ‘ஃபீவர்’ அல்லது ‘டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரிஸ்க்’ என்றால் ஆபத்துக்கு இடம் கொடுக்கிறார். ‘எரண்ட்’ என்றால் சில்லறை வேலைக்காக வெளியே போய் வருகிறார். ‘பாத்’ என்றால் தொட்டியில் குளிக்க நீர் திறந்துவிடுகிறார். ‘ரெட் லைட்’ என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் தாண்டிப் போகிறார். ‘கன்ஸ்’ என்றால் ஆயுதம் கடத்துகிறார். ஒரு மனிதரையே ‘ரன் ஹோம்’ செய்தால், வண்டியில் கொண்டுபோய் வீட்டில் விடுகிறார்.

இவற்றில் சில நடுப்பொருளிலிருந்து நேராக வருகின்றன, சில வருவதில்லை. காய்ச்சலும் ஆபத்தும் ‘ரன்’னோடு ஏன் சேர்ந்தன என்று யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றை ஜோடியாகவே நினைவில் வையுங்கள்: ‘ரன் எ ரிஸ்க்’ ஒரே சொல் என்பதுபோல.

படி 4: பின்னால் ஒட்டும் குட்டிச்சொற்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அவுட், இன்டு, ஓவர், டவுன், த்ரூ, அப் போன்ற சிறு சொல் ஒட்டினால் ‘ரன்’ தன் பழைய பொருளைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே ஒட்டிய இரண்டையும் ஒரே வினையாக எண்ணி, படி 2, 3இல் கேட்ட அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டும்.

‘ரன் இன்டு’ ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். பின்னால் நண்பர் வந்தால், எதிர்பாராமல் சந்தித்தல். சுவர் அல்லது வண்டி வந்தால் மோதல். ‘டிரபிள்’, ‘டிஃபிகல்ட்டிஸ்’ வந்தால் சிக்கலில் மாட்டிக்கொள்ளல். ஒரு தொகை வந்தால், ‘தி காஸ்ட் ரன்ஸ் இன்டு மில்லியன்ஸ்’, அந்த அளவை எட்டுதல். நான்கும் வேறு வேறு. ஆனாலும் நான்கிலும் ஒன்று போய் மற்றொன்றைத் தொடுகிறது. அந்தத் தொடுதல் தெரிந்தால் நான்கையும் மறக்கமாட்டீர்கள். மாற்றுச்சொற்களோ முற்றிலும் வேறு: சந்திப்புக்கு ‘மீட் பை சான்ஸ்’, மோதலுக்கு ‘ஹிட்’ அல்லது ‘கொலைட் வித்’, சிக்கலுக்கு ‘ஃபேஸ்’ அல்லது ‘என்கவுண்டர்’, தொகைக்கு ‘ரீச்’ அல்லது ‘அமவுண்ட் டு’.

‘ரன் அவுட்’டில் வாக்கிய அமைப்பைக் கவனியுங்கள். தீர்ந்த பொருள் எழுவாயானால் ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’. அந்தப் பொருளைத் தீர்த்துவிட்டவர் எழுவாயானால் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. இரண்டாவதில் ‘ஆஃப்’ விட்டுப்போகக் கூடாது. உரிமமோ ஒப்பந்தமோ ‘ரன் அவுட்’ ஆனால் காலாவதி. அங்கே மாற்றுச்சொல் ‘எக்ஸ்பயர்’. கிரிக்கெட்டில் வருவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘ரன் ஓவர்’: வண்டி எழுவாயாக இருந்து உயிருள்ள ஒன்று பின்னால் வந்தால் ஏற்றிவிடுதல், கூட்டம் எழுவாயாக இருந்தால் நேரம் கடந்து நீளுதல், பட்டியலோ குறிப்போ பின்னால் வந்தால் ஒருமுறை விரைவாகப் பார்த்தல். ‘ரன் டவுன்’: பேட்டரி என்றால் சக்தி இறங்குதல், மனிதரை என்றால் குறைகூறித் தாழ்த்துதல், அல்லது வண்டியால் இடித்துத் தள்ளுதல், கட்டடத்துக்கு அடைமொழியாக வந்தால் பாழடைந்த நிலை, உடம்புக்கு வந்தால் சோர்வு. ‘ரன் த்ரூ’ என்றால் ஒத்திகை பார்த்தல், ஒரு கருத்து நூல் முழுதும் இழையோடுதல். ‘ரன் அப் எ பில்’ என்றால் கட்ட வேண்டிய தொகையை ஏற்றிக்கொண்டே போதல். அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் ‘ரன் இட் பை மீ’ என்பதற்கு, ‘முடிவெடுக்கும்முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கருத்துக் கேள்’ என்று பொருள்.

படி 5: பின்னால் பெயரடை வந்தால்

‘ரன் டிரை’, ‘ரன் ஷார்ட்’, ‘ரன் லோ’, ‘ரன் லேட்’, ‘ரன் வைல்டு’, ‘ரன் ஹை’. இங்கே ‘ரன்’ என்றால் ‘ஆதல்’ அல்லது ‘அந்த நிலையில் இருத்தல்’. கிணறு வற்றுகிறது, கையிருப்பு குறைகிறது, ரயில் தாமதமாக வருகிறது, குழந்தைகள் கட்டுக்கடங்காமல் திரிகிறார்கள், உணர்ச்சிகள் கொதிக்கின்றன. பெரும்பாலும் நிலைமை மோசமாகும் பக்கமே இவை சாய்வதைப் பாருங்கள். இந்தத் தொகுப்பு சிறியது, புதிதாக நாமே உருவாக்க முடியாது. ‘ரன் ஹாப்பி’ என்று யாரும் சொல்வதில்லை.

பெயர்ச்சொல்லாக வரும்போது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘எ ரன் ஆஃப் பேட் லக்’ அடுத்தடுத்து வரும் கெட்ட நேரம். ‘பிரிண்ட் ரன்’ ஒரே தடவையில் அச்சிடும் படிகளின் எண்ணிக்கை. ‘டிரை ரன்’ முன்னோட்டம். ‘பேங்க் ரன்’ என்றால், வங்கி விழுந்துவிடும் என்ற பயத்தில் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க முண்டியடிப்பது. ‘ஆன் தி ரன்’ தலைமறைவு. ‘இன் தி லாங் ரன்’ நாளடைவில். காலுறையில் நூல் பிரிந்து நீளும் கோட்டை அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் அது ‘லேடர்’. தேர்தலிலும் இந்தப் பிரிவு உண்டு: அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்கிறார். ஒரே தேர்தலில் ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார். தமிழும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்றுதான் சொல்கிறது.

படி 6: மாற்றுச்சொல் தேர்வு

ஒரு விதியை முதலில் பதியவைத்துக்கொள்ளுங்கள்: மாற்றுச்சொல் சொல்லுக்குக் கிடையாது, பொருளுக்குத்தான் உண்டு. ‘ரன் என்பதற்கு இணைச்சொல் என்ன?’ என்ற கேள்விக்கு விடையே இல்லை. ‘நடத்துதல் என்ற பொருளில் வரும் ரன்னுக்கு என்ன?’ என்று கேட்டால்தான் விடை உண்டு. நம் நிகண்டுகளைச் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். திவாகரம் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பல பெயர்களைத் தொகுத்துத் தருகிறது. ஒரு சொல்லின் பல பொருளுக்கென்று தனித் தொகுதி வைக்கிறது. ஆங்கிலத்தில் 1852இல் பீட்டர் மார்க் ரோஜட் வெளியிட்ட சொற்களஞ்சியமும் அகரவரிசையில் இல்லாமல் கருத்துவாரியாகவே அமைந்தது. இன்று இணையத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாப் பொருளின் இணைச்சொற்களும் ஒரே குவியலாக வந்து விழுவதும் உண்டு. அந்தக் குவியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பது ஆபத்து.

சரி, கால்களால் ஓடும் பொருளை எடுத்துக்கொள்வோம். ‘ஜாக்’ என்றால் உடற்பயிற்சிக்காக ஒரே சீராக மெல்ல ஓடுவது. ‘ஸ்பிரிண்ட்’ குறைந்த தூரத்தை முழு வேகத்தில். தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் இந்த வகை. ‘டேஷ்’ அவசரத்தில் சட்டென்று பாய்ந்து ஓடுவது. மழைக்கு ஒதுங்க ஓடினால் அது. ‘போல்ட்’ மிரண்டோ தப்பிக்கவோ திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடுவது. குதிரைக்கு மிகவும் பொருந்தும். ‘ஸ்கேம்பர்’ அணிலும் சிறு பிள்ளைகளும் குறுகுறுவென்று ஓடுவது. ‘டிராட்’ குதிரையின் நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட வேகம். பாருங்கள், ஆறும் ஓட்டம்தான். ஆனால் ஒவ்வொன்றும் யார் ஓடுகிறார், ஏன் ஓடுகிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. ஒரு நீதிபதி ‘ஸ்கேம்பர்’ செய்தார் என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுவார்.

நடத்துதல் என்ற பொருளில் வேறு வகையான வேறுபாடு. ‘ரன்’ பேச்சுவழக்குக்கு நெருங்கியது. அன்றாடம் கூடவே இருந்து கவனிப்பதைக் காட்டும். ‘மேனேஜ்’ பதவித் தொனி உள்ளது. ஆனால் ‘ஐ மேனேஜ்டு’ என்று தனியே நின்றால் ‘எப்படியோ சமாளித்தேன்’ என்றாகிவிடும். ‘அட்மினிஸ்டர்’ அரசு, அறக்கட்டளை போன்றவற்றின் நிர்வாகத்துக்கு. ‘ஹெட்’ என்றால் தலைமை இடத்தில் இருக்கிறார் என்பது மட்டும். வேலையை யார் பார்க்கிறார் என்று அது சொல்லாது. ‘ஓவர்சீ’ என்றால் மேற்பார்வை. வேலை விண்ணப்பத்தில் ‘ரன்’ போடுவதா ‘மேனேஜ்’ போடுவதா என்று கேட்டால், குழுவோடு இறங்கி வேலை செய்ததைக் காட்ட ‘ரேன்’ என்றே எழுதுங்கள் என்பேன். எளிய சொல், நேராகப் போய்ச் சேரும்.

நீருக்கு: பொதுவாக ‘ஃப்ளோ’, மெல்லச் சொட்டி வழிந்தால் ‘டிரிக்கிள்’, பீறிட்டால் ‘கஷ்’, கசிந்தால் ‘லீக்’. சாலைக்கும் வேலிக்கும் ‘ஸ்ட்ரெட்ச்’, ‘எக்ஸ்டெண்ட்’. கால அளவுக்கு ‘லாஸ்ட்’. பத்திரிகைச் செய்திக்கு ‘பப்ளிஷ்’. இவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

தேர்ந்த சொல் சரிதானா என்று பார்க்க இரண்டு சோதனைகள். ஒன்று, அதே வாக்கியத்தில் மாற்றிப்போட்டு வாய்விட்டுப் படியுங்கள். ‘ரன் எ ரிஸ்க்’ இருக்கும் இடத்தில் ‘ஆபரேட் எ ரிஸ்க்’ போட்டால் வாக்கியம் உடையும். அங்கே ‘டேக்’தான் ஒத்துப்போகும். இரண்டு, எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். இயந்திரம் ரன் ஆவதற்கு எதிர் ‘ஸ்டாப்’. ‘ரன்னிங் வாட்டர்’ என்பதற்கு எதிர் ‘ஸ்டாண்டிங் வாட்டர்’, தேங்கிய நீர். தேர்தலில் ரன் செய்வதற்கு எதிர் ‘வித்ட்ரா’. எதிர்ச்சொல் வேறானால் பொருளும் வேறு, அப்போது இணைச்சொல்லும் வேறாகத்தான் இருக்கும்.

படி 7: தமிழ் ‘ஓடு’ நம்மை இழுத்துக்கொண்டு போகும் இடங்கள்

முன்பு வசதி என்று சொன்னேன். அதே வசதி சில இடங்களில் காலை வாரிவிடும். ‘வியாபாரம் நன்றாக ஓடுகிறது’ என்பதை ‘பிசினஸ் இஸ் ரன்னிங்’ என்றால், கடை திறந்திருக்கிறது என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். ‘டூயிங் வெல்’ என்று சொல்ல வேண்டும். ‘நாள் ஓடுகிறது’ என்ற வியப்புக்கு ஆங்கிலத்தில் ‘டைம் ஃப்ளைஸ்’. ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்றால் கெடு நெருங்கிவிட்டது என்ற எச்சரிக்கை. ‘கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை’, ‘பிழைப்பு ஓடுகிறது’, ‘வேலை ஓடமாட்டேன் என்கிறது’ ஆகியவற்றில் ‘ரன்’னுக்கு இடமே இல்லை.

வடிவத்திலும் ஒரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது. இறந்தகாலம் ‘ரேன்’, ஆனால் ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்தால் மறுபடி ‘ரன்’தான். ‘ஹேஸ் ரேன்’ தவறு. சளி பிடித்த மூக்குக்கு ‘ரன்னிங் நோஸ்’ என்பது நம்மிடையே பழகிவிட்டது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘ரன்னி நோஸ்’ என்பதே வழக்கம்.

அகராதியைப் புரட்டும்போது ஒன்று நினைவிருக்கட்டும். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி பொருள்களை வரலாற்று வரிசையில் அடுக்குகிறது, பழையது முதலில். கற்போருக்கான அகராதிகள் அதிகம் புழங்குவதை முதலில் வைக்கும். தொடக்கத்தில் இரண்டாம் வகையையே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் எழுதும்போதும் ‘ரன் = ஓடு, நடத்து, இயங்கு’ என்று வரிசை போட வேண்டாம். ‘ரன் எ ஷாப்: கடை நடத்து’, ‘ரன் எ ஃபீவர்: காய்ச்சல் அடி’ என்று சேர்க்கையோடு எழுதுங்கள்.

ஒரு வாக்கியத்தில் எல்லாம்

பயிற்சிக்கு இதோ ஒரு வாக்கியம்: ‘தி மேன் ஹூ ரன்ஸ் தி ஒர்க்‌ஷாப் சேஸ் தட் எ பைப் ரன்ஸ் அண்டர் தி ஃப்ளோர், வாட்டர் ஹேஸ் ரன் இன்டு தி வயரிங், அண்ட் தே ஆர் ரன்னிங் லோ ஆன் டைம்.’

முதல் ‘ரன்ஸ்’: எழுவாய் மனிதர், பின்னால் பட்டறை. ஓட்டு பக்கம், நடத்துகிறார், ‘மேனேஜஸ்’ போடலாம். இரண்டாவது: எழுவாய் குழாய், செயப்படுபொருள் இல்லை, நீண்டு செல்கிறது, ‘பாஸஸ்’ சரியாக அமரும். மூன்றாவதில் ‘இன்டு’ இருக்கிறதே என்று சந்திப்பு, மோதல் பக்கம் போய்விடாதீர்கள். எழுவாய் நீர். ஆகவே இது ஒட்டுவினை அல்ல, பழைய ‘பாய்தல்’தான், ‘உள்ளே’ என்ற திசையோடு. ‘லீக்டு இன்டு’ என்று மாற்றலாம். நான்காவதில் பெயரடை ‘லோ’ வந்திருக்கிறது: குறைந்துகொண்டே போகிறது. இதற்கு ஒற்றைச் சொல்லில் மாற்று தேடினால் கிடைக்காது. வாக்கியத்தையே திருப்பி, ‘தே ஹேவ் லிட்டில் டைம் லெஃப்ட்’ என்று எழுதிவிட வேண்டியதுதான்.